கிக்குலியின் குதிரைகள்

மேற்காசியக் களிமண் பலகை ஒன்றில் ஐந்து வடமொழி எண்கள் இருக்கின்றன என்னும் செய்தி நம் நாட்டுச் சமூக ஊடகங்களில் அவ்வப்போது வலம்வரும். துருக்கியின் பண்டை அரசர்கள் சமஸ்கிருதம் பேசினர் என்று சிலர் அதனை நீட்டுவர். கட்டுக்கதை என்று வேறு சிலர் ஒரேயடியாகத் தள்ளுவர். இரு தரப்பினரும் அந்த ஐந்து சொற்களோடு நின்றுவிடுகின்றனர். அச்சொற்களைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. மேய்ச்சலில் கிடந்த குதிரைகளை மீண்டும் போர்த்தேர் இழுக்கும் வலிமைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே அவ்வரிகளின் பொருள். இத்துறையில் இன்று கிடைக்கும் மிகப் பழைய விரிவான நூல்களுள் ஒன்று அது. நூலைப் படித்தபின் அந்த ஐந்து சொற்களுக்குத் திரும்பினால், அவற்றின் பொருளும் எல்லையும் சற்றுத் தெளிவாகவே தெரியும்.

துருக்கியின் அங்காராவுக்குக் கிழக்கே போஹாஸ்கோய் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்துசா அங்கேதான் இருந்தது. 1906, 1907 ஆண்டுகளில் ஹூகோ விங்க்லரும் தியோடர் மக்ரிதியும் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான ஆப்பெழுத்துப் பலகைகள் வெளிவந்தன. அவற்றின் மொழி ஓர் இந்தோ-ஐரோப்பிய மொழி என்பதைச் செக் அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி 1915இல் அறிவித்தார். குதிரை நூலை அவரே 1931இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். அன்னலீஸ் கம்மன்ஹூபர் 1961இல் வெளியிட்ட பதிப்பு இன்றும் ஆய்வாளர்களின் கையில் இருப்பது. நூல் நான்கு பலகைகளில், ஏறத்தாழ 1080 வரிகளில் அமைந்தது. மூலம் கி.மு. 14ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பொதுக் கருத்து.

நூலின் முதல் வரியிலேயே ஆசிரியன் தன் பெயர், தொழில், நாடு மூன்றையும் சொல்லிவிடுகிறான். பெயர் கிக்குலி, தொழில் குதிரைப் பயிற்சி, நாடு மித்தானி. மித்தானி என்பது இன்றைய வட சிரியாவையும் வட ஈராக்கையும் ஒட்டிப் பரவியிருந்த அரசு. அதன் மக்களுள் பெரும்பாலோர் ஹுரிய மொழி பேசியவர்கள். கிக்குலி என்பதும் ஹுரியப் பெயராகவே கருதப்படுகிறது. ஆக, ஹுரியப் பெயர் கொண்ட ஒருவன், இந்தோ-ஆரியக் கலைச்சொற்களை இடையிட்டு, ஹிட்டைட் மொழியில், பாபிலோனிய மரபிலிருந்து வந்த எழுத்தில் சொன்ன நூல் இது. எந்த ஒரு மொழியினரும் தமக்கு மட்டுமே உரியதென்று எளிதில் கோர முடியாத நூல்.

போர்த்தேர் அக்காலத்தின் விலையுயர்ந்த படைக்கலம். இலேசான மரச்சட்டம், இரு சக்கரம், இரு குதிரைகள், நின்றபடி போரிடும் வீரன், ஓட்டுபவன். மரச்சட்டத்தைத் தச்சன் சில நாட்களில் செப்பனிட்டுவிடலாம். குதிரையை அவ்வாறு செப்பனிட இயலாது. படையெடுப்பு இல்லாத மாதங்களில் குதிரைகள் புல்வெளிக்குப் போய்விடும். போர் வருமென்று தெரிந்த பின்னர் அவற்றைத் திரும்பப் பிடித்து நுகத்தில் பூட்டினால், அவை பார்வைக்குக் கொழுத்து, பளபளப்பாக, உற்சாகமாகவே இருக்கும். உள்ளே வலிமை குறைந்திருக்கும். அந்தப் பளபளப்பை நம்பி முதல் வாரமே முழு வேகத்தில் ஓட்டுபவன் குதிரைகளை இழப்பான்.

கிக்குலியின் நூல் குட்டிகளைப் பழக்குவது பற்றியதன்று. குதிரைகளைப் புல்லில் விடும் காலத்தைச் சுட்டித் தொடங்கி, முதல் நாளே அவற்றை நுகத்தில் பூட்டிவிடுகிறது. அவை ஏற்கெனவே நுகமும் கடிவாளமும் அறிந்தவை. உடல் வலுவை மீட்பதே எஞ்சிய வேலை. அதற்கு நூல் வகுக்கும் காலம் ஏறத்தாழ ஆறிலிருந்து ஏழு மாதம். 184 நாள் என்று கணக்கிட்டவர்களும் 214 நாள் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. பலகைகளின் சிதைவும் வரிகளைக் கோப்பதில் உள்ள சிக்கலும் இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

ஒவ்வொரு நாளும் தனியே எழுதப்பட்டிருக்கிறது. காலையில் எவ்வளவு தூரம், மாலையில் எவ்வளவு, இரவில் எவ்வளவு. எப்போது நுகத்திலிருந்து அவிழ்ப்பது, எப்போது தண்ணீர் காட்டுவது, எத்தனை கைப்பிடி பார்லி, எத்தனை கைப்பிடி உலர்புல் என்று கணக்கு நீள்கிறது. இலக்கியச் சுவை தேடுபவர் இரண்டாம் பலகைக்கு முன்பே சோர்ந்துவிடுவர். ஆயினும் இந்த அலுப்பூட்டும் கணக்கில்தான் நூலின் அறிவு இருக்கிறது. ஓட்டத்தைக் குறிக்க இரண்டு ஹிட்டைட் வினைகள் மாறிமாறி வருகின்றன. ஒன்று ‘பென்ன’, ஓட்டிச் செல்லுதல். மற்றொன்று ‘பர்ஹ்’, விரட்டிப் பாயவிடுதல். தொடக்க நாளில் மூன்று ‘தன்னா’ தூரம் ஓட்டிச் சென்று, ஏழு ‘இக்கு’ தூரம் மட்டும் பாயவிட்டு, திரும்பும் வழியில் பத்து இக்கு பாயவிடுவது என்று விதி. தன்னா பெரிய அளவு, இக்கு சிறிய அளவு. நீண்ட மெதுவான ஓட்டம், நடுவே சிறு பாய்ச்சல் என்பதே சட்டகம். நாட்கள் செல்லச்செல்ல இவ்விரண்டின் விகிதம் மாறிக்கொண்டே போகிறது.

தீவனமும் அவ்வாறே. ஓய்வில் கொழுத்த குதிரைக்குத் தொடக்கத்தில் உணவு மிகக் குறைவு. சில வேளைகளில் பட்டினியும் உண்டு. குதிரைகள் கிடைத்ததை மென்றுவிடாதபடி வாய்க்கூடு கட்டவும் நூல் சொல்கிறது. நெல் போரடிக்கும் மாட்டுக்கு நம் ஊர்களில் கட்டிய அதே வாய்க்கூடுதான். இம்முதல் நாட்கள் தேறாத குதிரைகளைக் கழித்துவிடுவதற்கான சோதனை என்று பலர் கருதுகின்றனர்.

அதன்பின் வருவது வியர்வைப் படலம். குதிரைகளைப் போர்வை போர்த்திக் கொட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். அவை பொறுமையிழந்து வியர்க்கத் தொடங்கியதும் போர்வையை நீக்கி, ஒரு கலம் உப்பு நீரும், முளைகட்டிய தானியத்தின் சாறு கலந்த நீர் ஒரு கலமும் குடிக்கத் தருகிறார்கள்; பின்பு ஆற்றுக்கு நடத்திச் சென்று குளிப்பாட்டுகிறார்கள். உப்பு நீர் தருவது முதல் பார்வைக்கு விந்தையாகத் தோன்றலாம். மனிதனின் வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. ஆகவே வியர்த்தபின் நம் இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது, தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்துக்கு நிகரான அல்லது அதனினும் மிகுந்த உப்புடையது. நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் செறிவு ஏறுவதில்லை. உடல் வறண்டிருந்தும் குதிரை தாகத்தை உணராமல் நிற்கும். முதலில் உப்பு நீர் அருந்தக் கொடுத்தால் தாகம் தூண்டப்பட்டு, பின்னர் தரும் நீரை அது மிகுதியாகக் குடிக்கும். நெடுந்தூர ஓட்டக் குதிரைகளில் இதனை ஆய்வாளர்கள் அளந்து காட்டியது அண்மைக் காலத்தில்தான். இக்காரணம் கிக்குலிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குடிக்காத குதிரையை அவன் பல தடவை பார்த்திருப்பான்.

ஓய்விலிருந்து திரும்பும் குதிரையின் உடலில் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. மூச்சும் இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் குளம்பும் தேற மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஆபத்து. குதிரை மூச்சு வாங்காமல் ஓடுகிறது, இன்னும் ஓடத் துடிக்கிறது. கால் இன்னும் ஆயத்தமாகவில்லை. ஊக்கமுள்ள குதிரைதான் இங்கே முதலில் நொண்டும். ஐரோப்பிய நகரங்களில் வண்டிக் குதிரைகளுக்கு ‘திங்கட்கிழமை நோய்’ என்று ஒன்று உண்டு. ஞாயிறு முழுதும் வழக்கமான தானியத்தைத் தின்றுவிட்டு வேலையின்றி நின்ற குதிரை, மறுநாள் நுகத்தில் பூட்டிய சிறிது நேரத்திலேயே தொடைத்தசை இறுகி, சிறுநீர் கருத்து, நகர முடியாமல் விழுந்துவிடும். வேலை குறையும்போது தானியத்தையும் குறைக்க வேண்டும், வேலையைக் கூட்டும்போது படிப்படியாகவே கூட்ட வேண்டும் என்பதை அவ்வண்டிக்காரர்கள் இழப்பினால் கற்றனர். கிக்குலியின் கைப்பிடிக் கணக்கு இந்தப் பாடத்தை அறிந்த ஒருவனின் கணக்கு.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நூல் நல்ல பயிற்சியா, கொலைப் பயிற்சியா என்பதே அதனைச் சார்ந்தது. தன்னா என்பது எவ்வளவு தூரம்? பாபிலோனிய அளவைப்படி அது பத்துக் கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். அவ்வாறாயின் ஓய்விலிருந்து வந்த குதிரை முதல் நாளே முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். ஹிட்டைட் ஆவணங்களில் தன்னா ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அளவே என்றும், இக்குவும் அதற்கேற்பச் சிறியது என்றும் வாதிட்டவர்கள் உண்டு. அவ்வாறாயின் முதல் நாள் ஓட்டம் நான்கு, ஐந்து கிலோமீட்டரோடு நின்றுவிடும். குதிரை வளர்க்கும் எவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய தொடக்கம் அது. சொல்லியல் முறையில் இரு தரப்புக்கும் சான்று உண்டு. எனினும் சிறிய அளவே பொருந்துகிறது. மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு நிதானம் காட்டும் ஆசிரியன் தூரத்தில் மட்டும் மூர்க்கனாக இருந்தான் என்று கொள்வது கடினம்.

ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ஆன் நைலண்ட் 1991, 1992இல் அரபுக் குதிரைகளைக் கொண்டு இந்நூலின் முழுப் பயிற்சியையும் ஏழு மாதம் செய்து பார்த்தார். குதிரைகளைத் தேரில் பூட்டாமல் கூட்டிச்சென்று ஓடவிடும் பகுதிகளே நூலில் மிகுதி என்றும், இடைவெளி விட்டு விரைவைக் கூட்டும் இன்றைய ஓட்டப் பயிற்சிக்கு இது நெருங்கியது என்றும் அவர் எழுதினார். இன்றைய விளையாட்டு அறிவியலின் சொற்களை மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய களிமண்மேல் ஒட்டுவதில் சற்று எச்சரிக்கை வேண்டும். ஆயினும் அறையில் அமர்ந்து அளவைகளைப் பற்றி வாதிடுவதைவிடக் குதிரையிடமே கேட்டுப் பார்ப்பது மேலான முறை என்பதில் ஐயமில்லை.

இனி அந்த ஐந்து சொற்கள். பயிற்சித் தளத்தில் குதிரைகளை எத்தனை சுற்று விடுவது என்று சொல்லும் இடங்களில் ‘ஐகவர்த்தன்ன’, ‘தேரவர்த்தன்ன’, ‘பன்ஸவர்த்தன்ன’, ‘சத்தவர்த்தன்ன’, ‘நவர்த்தன்ன’ என்பவை வருகின்றன. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது சுற்றுகள். இறுதிச் சொல் ‘நவவர்த்தன்ன’ என்றிருக்க வேண்டியது. அடுத்தடுத்து வந்த இரு ‘வ’க்களுள் ஒன்று கெட்டது. ‘வர்த்தன’ என்பது சுழலுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கச்சேரியில் மிருதங்கக்காரர் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இருப்பதும் அதே வேர்தான்.

இச்சொற்கள் ஈரானியக் கிளையைச் சேர்ந்தவை அல்ல. அக்கிளையில் ஒன்றுக்குரிய சொல் ‘ஐவ’. ‘ஐக’ என்பது இந்தோ-ஆரியத்துக்கே உரியது. ஆனால் அது வேதத்தின் ‘ஏக’ அன்று. ‘ஐ’ ‘ஏ’வாக மாறுவதற்கு முந்திய நிலையைக் காட்டுவது. ‘சத்த’ வேறு சிக்கல். ‘சப்த’ என்பதிலிருந்து பிராகிருதம் போல் மருவியது என்று சிலர் கொண்டனர். ஹுரிய மொழியில் ஏழுக்குரிய சொல்லின் ஓசை கலந்ததால் அவ்வாறு ஆனது என்பது மற்றொரு விளக்கம்; ஒரே நூலில் மிகப் பழைய வடிவமும் மிகப் பிந்திய வடிவமும் அருகருகே நிற்பதற்கு இது பொருத்தமான விடை. மித்தானியின் ஆட்சிக்குட்பட்ட நூசி நகர ஆவணங்களில் குதிரை நிறங்களுக்குப் ‘பப்ரு’, ‘பலித’, ‘பிங்கல’ என்பவற்றோடு ஒப்பிடத்தக்க சொற்கள் ஹுரிய விகுதியோடு கிடைக்கின்றன. மித்தானி அரசன் சத்திவாசாவோடு ஹிட்டைட் அரசன் முதலாம் சுப்பிலுலியுமா செய்த உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகியோர் சாட்சிகளாக வருகின்றனர்.

இவற்றிலிருந்து பெறப்படுவது என்ன? இந்தோ-ஆரியம் பேசிய ஒரு கூட்டத்தார் எப்போதோ அப்பகுதிக்கு வந்து, குதிரைத் தொழிலில் தம் சொற்களைப் பதித்துவிட்டுச் சென்றிருக்கின்றனர். கிக்குலியின் காலத்தில் அம்மொழி அங்கே பேச்சில் இருந்தது என்பதற்கு இச்சொற்கள் சான்றாகா. கிரிக்கெட் வர்ணனையில் ‘ஓவர்’, ‘விக்கெட்’ என்று சொல்லும் தமிழர் ஆங்கிலேயர் ஆகிவிடுவதில்லை. அதே வேளையில், அச்சொற்கள் தமிழில் புகுந்தது கிரிக்கெட்டை ஆங்கிலம் பேசியோரிடமிருந்து கற்றதனால்தான் என்பதையும் மறுக்க முடியாது. இரண்டையும் ஒருசேரச் சொல்வது பகிரப்படும் செய்திக்கு ஏற்றதாக இல்லை போலும். அவர்கள் இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள் என்பதும் இச்சொற்களால் நிறுவப்படவில்லை. ‘ஐக’வின் பழைமை அதற்கு எதிர்த்திசையிலேயே சுட்டுகிறது.

நூலை எழுத்தில் பொறித்தவர்களுக்கு ஹிட்டைட் மொழி தாய்மொழியாக இருந்திராது என்று கம்மன்ஹூபர் காட்டினார். இலக்கணப் பிழைகள் பலகைக்குப் பலகை வேறுபடுகின்றன. ஒரு கலைச்சொல்லைச் சொல்லிவிட்டு, உடனே ஹிட்டைட் மொழியில் விளக்கம் தரும் இடங்களும் உண்டு. பயிற்சியாளன் வாயால் சொல்ல, எழுத்தர்கள் திணறிக்கொண்டே எழுதிய காட்சி பிழைகளின் ஊடே தெரிகிறது. கிக்குலி ஹத்துசாவுக்கு எவ்வாறு வந்தான் என்பதை நூல் சொல்லவில்லை. மித்தானி சரிந்துகொண்டிருந்த நூற்றாண்டு அது. அரசு சரிந்த பின்னும் அதன் குதிரைக்காரனின் அறிவுக்குப் பகைவன் நாட்டில் விலை இருந்தது.

அத்தகைய அறிவு குதிரையோடு சேர்ந்து பயணம் செய்யாதபோது என்ன நேர்ந்தது என்பதற்குத் தமிழகமே சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. கீஷ் தீவின் வணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் பணம் உண்டு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். கடலில் பல நாள் அசையாமல் நின்ற குதிரை ஓய்விலிருந்து வந்த குதிரையைவிட மோசமான நிலையில் இருக்கும். அதற்கு இங்கே கிடைத்த வரவேற்பையும் வஸ்ஸாப் விவரிக்கிறார். பச்சைப் பார்லிக்குப் பதில் வறுத்த பார்லி, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால். கயிற்றாலும் முளையாலும் பிணித்து நாற்பது நாள் கொட்டிலில் நிறுத்திக் கொழுக்க வைத்தல். அதன்பின் எவ்விதப் பயிற்சியும் இன்றி வீரர்கள் ஏறி விரட்டுதல். எவ்வளவு துடிப்பான குதிரையும் விரைவில் பயனற்றதாகிவிடும் என்கிறார் அவர்.

கிக்குலியின் விதிகள் ஒவ்வொன்றும் இங்கே தலைகீழாக நிற்கின்றன. திங்கட்கிழமை நோய் வர இதனினும் சிறந்த வழி இல்லை. மார்க்கோ போலோவும் இதையே வேறு பக்கத்திலிருந்து கூறுகிறார். பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லையாம். குதிரை வணிகர்கள் குதிரை மருத்துவரைத் தம்முடன் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் தடுத்தனர் என்று காரணம் காட்டுகிறார். சாகும் குதிரைதான் அடுத்த ஆண்டின் வணிகம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வஸ்ஸாபும் விற்பவர் பக்கத்து மனிதர், வாங்குபவரை அறிவிலிகளாகக் காட்டுவதில் அவருக்குத் தயக்கமில்லை. ஆயினும் இறக்குமதி ஆண்டுதோறும் தொடர்ந்தது என்பது அக்கூற்றுகளுக்கு வலுச் சேர்க்கிறது.

குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்று மார்க்கோ போலோ வியக்கும் இடத்தை மட்டும் தமிழரின் அறியாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அர்த்தசாத்திரத்தின் குதிரைக் கண்காணிப்பாளர் அத்தியாயம் உயர்ந்த குதிரையின் நாளுணவில் இரண்டு துரோணம் தானியத்தோடு ஐம்பது பலம் இறைச்சியையும், ஐந்து பலம் உப்பையும், மதுவையோ பாலையோ சேர்க்கிறது. நெடுவழியாலும் சுமையாலும் களைத்த குதிரைக்கு ஒரு பிரஸ்தம் நெய்ப்பொருள் தனியே உண்டு. போராலும் நோயாலும் மூப்பாலும் தளர்ந்தவற்றுக்கு உயிர் தாங்கும் அளவு உணவளிக்கவும், போருக்கு உதவாதனவற்றை இனப்பெருக்கத்துக்கு விடவும் அது விதிக்கிறது. தேர்க்குதிரையின் ஒரு நாள் தூரம் தரத்துக்கேற்ப ஆறு, ஒன்பது, பன்னிரண்டு யோசனை என்கிறது. யோசனை எவ்வளவு நீளம் என்ற கேள்வி இங்கும் தன்னாவைப் போலவே வந்து நிற்கிறது. ஆனால் தளர்ந்த குதிரையை எந்த நாளில் எவ்வளவு ஓட்டி மீட்பது என்ற நாட்கணக்கு அவ்வத்தியாயத்தில் இல்லை.

பிற்கால அசுவ சாத்திர நூல்களின் நாட்டமும் வேறு. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் படங்களுடன் வெளியிட்டது. குதிரையின் நிறம், இலக்கணம், மயிர்ச்சுழி ஆகியவற்றுக்கு இம்மரபு மிகுந்த இடம் தருகிறது. எந்த இடத்தில் சுழி இருந்தால் உடையவனுக்கு ஆக்கம், எங்கிருந்தால் கேடு என்று விரிவாகப் பேசுகிறது. அச்சுழிக்கு அந்நூல்கள் வழங்கும் பெயர் ‘ஆவர்த்தம்’. கிக்குலியின் தளத்தில் குதிரை ஓடிய சுற்றுக்குப் பெயர் தந்த அதே வேர்தான், இங்கே அதன் நெற்றிமயிரின் சுழிக்குப் பெயராக நிற்கிறது.